தம்பி மீது வழக்குப் பதிவாகியுள்ளது: வழக்குரைஞர் தேவையா, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் போதுமா?

கேள்வி: செங்கத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை என்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பு யாருடையது என்பதில் நீண்ட நாட்களாகவே தகராறு உண்டு. சென்ற வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிக் கரைத்தபோது என் சித்தப்பா தட்டிக் கேட்டார். பேச்சு முற்றி இருவரும் கைகலந்துவிட்டார்கள். விலக்கிவிடப் போன என் தம்பிக்கு நெற்றியில் காயம் ஏற்பட்டது. பக்கத்து நிலத்துக்காரர்கள் அன்று மாலையே அரசு மருத்துவமனையில் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டார்கள். நாங்களோ தம்பியைத் தனியார் மருத்துவமனையில் காட்டித் தையல் போட்டுக்கொண்டு, இதோடு போகட்டும் என்று இருந்துவிட்டோம். இப்போது சித்தப்பாவை முதல் எதிரியாகவும் (குற்றம் சாட்டப்பட்டவராகவும்) தம்பியை இரண்டாம் எதிரியாகவும் காட்டி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3) ஆகிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. தம்பி மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொலை மிரட்டல் விடுத்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். அவன் யாரையும் அடிக்கவில்லை.

உதவி ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்து, நாளை மறுநாள் தம்பியை நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். உறவினர்களோ, இது சின்ன வழக்கு, வக்கீல் வைத்தால் தப்பு செய்தவன் என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும், குற்றப்பத்திரிகை வந்ததும் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே வாய்தாவில் முடிந்துவிடும் என்கிறார்கள். தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். எங்களிடம் பெரிய பணமும் இல்லை. உண்மையிலேயே வழக்குரைஞர் அவசியமா?

பதில்: குற்றவியல் வழக்குரைஞர், விழுப்புரம்

சகோதரி, அவசியம்தான், அதுவும் குற்றப்பத்திரிகை வந்த பிறகு அல்ல, தம்பி காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே அவசியம். வழக்குரைஞர் என்றால் கூண்டில் நிற்கும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்பவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு வழக்கின் போக்கு பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் அனுபவம்.

முதலில் அந்த அபராத யோசனையை விட்டுவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது வழக்கை முடித்துக்கொள்வது அல்ல. அது தண்டனைத் தீர்ப்பு. பின்னாளில் மனம் மாறினாலும், தண்டனையின் அளவையோ சட்டப் பொருத்தத்தையோ பற்றித்தான் மேல்முறையீடு செய்ய முடியுமே தவிர, நான் குற்றவாளி அல்லன் என்று மேல் நீதிமன்றத்தில் சொல்ல இயலாது. காவலர் பணிக்குப் படிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை உறவினர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. காவலர் தேர்வுக்கான பணி விதிகள் விடுதலையானவர்களைக்கூட எளிதில் விடுவதில்லை: சந்தேகத்தின் பலனில் விடுதலை பெற்றவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால் விடுதலை பெற்றவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர் என்று அந்த விதிகளின் விளக்கம் சொல்கிறது, 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. விடுதலைக்கே இந்த நிலை என்றால், தாமாகவே ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே விளக்கத்தில் நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. கௌரவமான விடுதலை பெற்றவரும், புலன் விசாரணையின் முடிவிலேயே புகார் உண்மைக்கு மாறானது என்று கைவிடப்பட்டவரும் வழக்கில் தொடர்பில்லாதவராகக் கருதப்பட்டு, அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். ஆகவே உங்கள் தம்பிக்கு மிகப் பெரிய நன்மை செய்யக்கூடிய கட்டம், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முந்தைய இந்தக் கட்டம்தான். அவருடைய பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்குவதற்கு வேண்டிய ஆதாரங்களை, புலன் விசாரணை அதிகாரியிடமும் அவருக்கு மேலுள்ளவர்களிடமும் எழுத்து மூலமாகவும் ஒப்புகையுடனும் சேர்ப்பது வழக்குரைஞரின் வேலை.

அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பினர் அரசு மருத்துவமனையில் சேர்ந்தபோது, பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு செய்திருப்பார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த நபர்கள் எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள் என்று காயம்பட்டவர் சொன்னதை அப்படியே எழுதும் வழக்கம் அங்கு உண்டு. அந்தப் பதிவில் "தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாக" என்று இருந்து, சில மணி நேரம் கழித்துக் கொடுத்த புகாரில் இருவர் வந்து, மண்வெட்டிக் காம்பும் வந்திருந்தால், இரண்டாம் எதிரியும் ஆயுதமும் பிறகு சேர்க்கப்பட்டவை என்று வாதிட வலுவான அடிப்படை கிடைக்கிறது. 118(1) பிரிவே ஆயுதத்தை நம்பி நிற்பது. காயப்படுத்தியதற்கான 115(2)-க்கு அதிகபட்சம் 1 ஆண்டு; 118(1)-க்கு 3 ஆண்டு; கொலை மிரட்டலுக்கான 351(3)-க்கு 7 ஆண்டு. கைகலப்பு எப்படி ஏழாண்டு வழக்காக வளர்ந்திருக்கிறது பாருங்கள். முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, குற்றவியல் நடுவரின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும், நடுவர் அதில் இட்டிருக்கும் சுருக்கொப்பத்தையும் நேரத்தையும் வைத்துப் பார்ப்போம். நடுவில் விளக்கமில்லாத தாமதம் இருந்தால் அதற்கும் பொருள் உண்டு.

இனி, நிலையத்துக்குப் போவதைப் பற்றிச் சொல்கிறேன். போகாமல் இருக்க வேண்டாம். ஆனால் தொலைபேசி அழைப்பை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக்கூடாது, அதற்கான தேவையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படிக் கைது தேவைப்படாதபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்து மூலமான அறிவிப்பைக் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த அறிவிப்பை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்வதற்குக் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மதிக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே உங்கள் வழக்குரைஞர் அறிவிப்பைக் கேட்டு வாங்கி, தம்பியுடன் நிலையம் வரை வருவார். கைது செய்யப்பட்டவர் விசாரணையின்போது தம் வழக்குரைஞரைச் சந்திக்க அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுவதும் பக்கத்தில் இருக்க முடியாவிட்டாலும், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பதே உள்ளே நடப்பதை மாற்றும்.

அந்தக் "கையெழுத்து" எதில் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தம்பி பேனாவைத் தொடக்கூடாது. விசாரணையில் சொல்வதைக் காவல் துறை எழுதிக்கொண்டால், அந்த வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக்கூடாது என்பதே சட்டம். காவலரிடம் தரும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பதும் உண்மைதான். ஆனால், அந்த ஒப்புதலின்பேரில் வைக்கோற்போரிலிருந்து மண்வெட்டிக் காம்பு கைப்பற்றப்பட்டது என்று மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதப்பட்டுவிட்டால், பொருளைக் கண்டெடுக்கக் காரணமான அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வந்துவிடும். வெற்றுத்தாளிலோ படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்திட்டால், அது எங்கே போய் முடியும் என்பது அவர் கையில் இல்லை.

முன்ஜாமீன் வேண்டுமா என்பதை, பிரிவுகளில் பிணையில் விடக்கூடாதவை எவை என்று பார்த்தும், நிலையத்தின் போக்கைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு செய்யலாம்.

பதில்: ஊராட்சியில் இருந்தவன்

வழக்குரைஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் ஊர்ப் பொறுப்பில் இருந்து இப்படிப்பட்ட வரப்புச் சண்டைகளைப் பார்த்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரு தரப்பும் வழக்குரைஞர் வைத்த பிறகு பேச்சுவார்த்தை நின்றுவிடுகிறது. வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் போகின்றன. வரப்பு மட்டும் அப்படியே கிடக்கிறது. நாளைக்கு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவர்கள் நீங்கள். நான்கு பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசி, நில அளவரை அழைத்து அளந்து கல் நட்டுவிட்டால் வழக்குக்கே வேலை இருக்காது. வழக்குரைஞருக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குச் செலவிடலாமே என்பதுதான் என் கருத்து.

பதில்: குற்றவியல் வழக்குரைஞர், விழுப்புரம்

பெரியவர் சொல்லும் சமரசத்தை நானும் விரும்புகிறேன். நில அளவை இல்லாமல் இந்தப் பகை தீராது என்பதும் சரியே. ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு, ஊரில் கைகுலுக்கிக்கொள்வதால் வழக்கு மறைந்துவிடுவதில்லை. இந்தப் புள்ளியில்தான் நல்ல மனத்தோடு செய்த பல சமரசங்கள் வீணாகிப் போயின.

115(2) போன்ற பிரிவுகளைப் புகார்தாரர் நீதிமன்ற அனுமதி இல்லாமலே சமரசம் செய்துகொள்ளலாம். முறைப்படி செய்யப்பட்ட அந்தச் சமரசம் சட்டப்படி விடுதலைக்குச் சமம். ஆனால் ஆபாசமாகத் திட்டியதற்கான 296(பி), சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. நம் மாநிலத்தில் அடிதடிப் புகார் என்றாலே அந்தப் பிரிவும் கூடவே வந்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படிப்பட்ட வழக்கில், இரு தரப்பும் சேர்ந்து பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் வழக்கை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தைத்தான் கேட்க வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் உயர் நீதிமன்றம் அவ்வாறு ரத்து செய்யலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. ஊரில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, சாட்சி நாளன்று புகார்தாரர் "எனக்கு எதுவும் தெரியாது" என்று பிறழ்சாட்சியாகும் வழியை ஊர்கள் பல கைக்கொள்கின்றன. மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். காவலர் பணிக்குப் போகிறவருக்கு அது எப்படிப் பாதகமாகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். சமரசம் பேசுங்கள், அதை எந்த வடிவத்தில், எந்தக் கட்டத்தில் பதிவு செய்வது என்பதை வழக்குரைஞரிடம் விடுங்கள்.

வழக்குரைஞர் வைப்பது தப்பை ஒப்புக்கொள்வது போலாகும் என்ற எண்ணத்துக்கும் ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அரசு ஊழியர் மீது இதே மிரட்டல் குற்றத்துக்காக, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 506-ஆம் பிரிவில் வழக்கு நடந்தது. வழக்குரைஞர் வைக்க வசதியில்லாத அவர் தாமே வழக்கை நடத்தி, 2 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் இலவச உதவி கேட்கவில்லை என்பது ஒரு காரணமே ஆகாது, அந்த உரிமை இருப்பதை நீதிமன்றமே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. மிரட்டல் வழக்கு ஒன்றிலேயே, வழக்குரைஞர் இல்லாத விசாரணை அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்புக்கு மாறானது என்று நீதிமன்றம் கருதியபோது, உறவினர்கள் அதைச் சின்ன வழக்கு என்று சொல்வதை எப்படி ஏற்பது?

பதில்: ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா. அதற்கு நான் பதில் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கைதுக்கு முந்தைய கட்டத்திலும் ஆலோசனை கிடைக்கும். குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேரமாக அமர்த்தப்பட்ட எதிர்வாத வழக்குரைஞர்களும் இப்போது பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களிடம் பணம் எதுவும் வாங்கக்கூடாது.

தனியாக வழக்குரைஞர் வைப்பதானால், குற்ற வழக்குகளைத் தொடர்ந்து நடத்துபவரா என்று பாருங்கள். சொத்து வழக்கில் பெரிய பெயர் எடுத்தவர் குறுக்கு விசாரணையில் அப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது. முன்ஜாமீனுக்கு எவ்வளவு, குற்றப்பத்திரிகைக்குப் பிறகு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசிக்கொள்ளுங்கள். விடுதலை உறுதி என்று சொல்பவரையும், தீர்ப்பைப் பொறுத்துக் கட்டணம் என்று பேசுபவரையும், அங்கே கொடுக்க வேண்டும் இங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்பவரையும் விட்டு விலகிவிடுங்கள். தீர்ப்பைச் சார்ந்த கட்டணத்தை இந்திய வழக்குரைஞர் கழகத்தின் விதிகளே தடை செய்கின்றன.

என் பணிக்காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த துயரம் ஒன்று உண்டு. வழக்குரைஞர் இல்லாதவர்கள் வாய்தா தேதியைத் தவறவிடுவார்கள், பிடியாணை பிறப்பிக்கப்படும், முதல் வழக்கில் ஒருநாள்கூடச் சிறைக்குப் போகாதவர்கள் அந்தப் பிடியாணையால் சிறைக்குப் போவார்கள். வர முடியாத நாளில் முன்கூட்டியே ஒரு மனுப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

செங்கத்துப் பெண்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அபராதம் கட்டும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. சித்தப்பா ஒரு வழக்குரைஞரை அமர்த்திவிட்டார். அவரே தம்பிக்கும் சேர்த்து வக்காலத்துப் போடுவதாகச் சொல்கிறார், செலவும் மிச்சமாகும். தம்பியின் காயத்துக்கு இனிமேல் எதுவும் செய்ய முடியுமா? கடைசியாக, எதிர்த்தரப்பின் உறவினர் ஒருவர் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் வழக்குரைஞராக இருப்பதால் எங்களுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள், அது உண்மையா?

பதில்: குற்றவியல் வழக்குரைஞர், விழுப்புரம்

தம்பிக்குத் தனியாக ஒருவரை அமர்த்துங்கள். சித்தப்பாவின் மீது எந்தக் குறையும் வேண்டாம். நடந்தது கைகலப்பு, அதில் தற்காப்பு உண்டு என்பது அவருடைய வாதமாக இருக்கலாம்; நான் விலக்கிவிடத்தான் போனேன், யாரையும் தொடவில்லை என்பது தம்பியின் வாதம். அடித்தது யார் என்ற கேள்வி வரும்போது இந்த இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று உரசும். இருவருக்கும் ஒரே வழக்குரைஞர் இருந்தால், ஒருவரைக் காப்பாற்றும் கேள்வியை மற்றவரை எண்ணிக் கேட்காமல் விட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படும். தம்பி தம் வழக்குரைஞரிடம் எதையும் மறைக்காமல் சொல்லட்டும். கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதமில்லாமல் வழக்குரைஞர் வெளியிடக்கூடாது என்பதைச் சாட்சியச் சட்டமே பாதுகாக்கிறது.

காயத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தையல் போட்ட மருத்துவமனையின் சீட்டு, மருந்துக் கடை ரசீது, அன்று எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். காலம் கடத்தாமல் நடந்ததை எழுதி நிலையத்தில் புகாராகக் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தாமதம் ஏன் ஏற்பட்டது என்ற காரணத்தையும் அந்தப் புகாரிலேயே உள்ளபடி எழுதிவிட வேண்டும். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் காயம் அடைந்திருந்தால், குற்றம் சாட்டப்பட்ட தரப்பின் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

வழக்குரைஞர் கிடைக்கமாட்டார் என்ற பயம் வேண்டாம். தனிப்பட்ட காரணத்தால் ஒருவர் மறுக்கலாம். ஆனால் இன்னாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று ஒரு சங்கம் தீர்மானம் போட முடியாது. கோயம்புத்தூரில் வழக்குரைஞர்களுக்கும் காவலர்களுக்கும் நடந்த மோதலையொட்டி, அந்தக் காவலர்களுக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானித்தபோது, அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாதவை என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் ஊரில் தயக்கம் இருந்தால் திருவண்ணாமலையிலிருந்தோ பக்கத்து வட்டத்திலிருந்தோ ஒருவரை அமர்த்துங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடையில் காவலர் தேர்வுக்கான அறிவிப்பு வந்தால், விண்ணப்பத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால், வழக்கில் ஜெயித்தாலும் மறைத்த காரணத்துக்காகவே வேலை போய்விடக்கூடும். நாளைக் காலையில் வழக்குரைஞரைப் பார்க்கப் போகும்போது, முதல் தகவல் அறிக்கையின் நகல், தம்பியின் மருத்துவச் சீட்டுகள், நிலத்தின் பட்டா, அன்று அங்கே இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நகல் கையில் இல்லையென்றால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் வழக்கு எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். அங்கே கிடைக்காவிட்டால் வழக்குரைஞரே நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு வாங்கித் தருவார்.